கட்டின வீடு நல்லது, கட்டினவள்தான் பிழையா?

ஊர்ப் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைப் பெரியவர்களுக்கும், மரைக்கார்மாருக்கும், ஜமாஅத்தார் அனைவருக்கும்,



இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிச் செயலாளரிடம் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் மூன்று பேர் வாசிப்பார்கள், முந்நூறு பேர் வாசிக்காமலே கதைப்பார்கள். ஊர் முழுக்கக் கதைக்கிற விஷயத்துக்கு ஊர் முழுக்க வாசிக்கிற மாதிரியே பதில் சொல்லிவிடலாம் என்று திறந்தே எழுதுகிறேன். பேர் போடவில்லை. நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். குவைத்தில் கனகாலம் வேலை செய்துவிட்டு வந்து, மூத்த மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறவள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், பார்த்தார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். குசினியில் மாபிள் போட்டிருக்கிறதா, மேல்தட்டுப் போட அத்திவாரம் தாங்குமா, மதில் யார் காணிக்குள் நிற்கிறது, உறுதி யார் பேரில் என்று ஒன்றுவிடாமல் கேட்டார்கள். எல்லாம் சரி என்றார்கள். பிறகு வழமைப்படி, கலியாணத்துக்குப் பள்ளிவாசல் தரும் கடிதத்துக்கு எழுதிக் கொடுத்தோம். கடிதம் இன்னும் வரவில்லை. ஆனால் கடிதத்துக்கு முந்தியே சபையிலிருந்து ஒரு வாய்ச்சொல் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது: “தாய் கனகாலம் வெளிநாட்டில இருந்தவ. நல்லா விசாரிச்சுச் செய்யுங்க.”

சொன்னவரின் பேரை நான் எழுதப் போவதில்லை. தனியொரு ஆளோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த வார்த்தையை அவர் தான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, ஊர் தந்ததைத்தான் சொன்னார். அதனால்தான் ஊருக்கு எழுதுகிறேன்.

விசாரியுங்கள். எதையெல்லாம் விசாரிக்க வேண்டும் என்பதை மட்டும் நானும் கொஞ்சம் சொல்லிவைக்கிறேன்.

முதலில் அந்த வீடு. நம் கிழக்கில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். குடி தாய்வழியில் வருகிறது, மகளின் வீடு தாயின் வளவுக்குப் பக்கத்தில் எழும்புகிறது. இந்த வழமையை நான் பழிக்க மாட்டேன். உம்மம்மாவும் சாச்சிமாரும் ஒரே வேலிக்குள் இருக்கிற இடத்தில் பெண்டாட்டிக்குக் கை ஓங்க ஒருவன் இரண்டு தரம் யோசிப்பான். நான் வெளிநாட்டில் இருந்த காலமெல்லாம் என் பிள்ளைகள் அநாதையாகாமல் இருந்ததும் அந்த ஒரே வேலியால்தான். ஆனால் என் உம்மம்மா காலத்தில் வீடு என்றால் களிமண் சுவரும் கிடுகுக் கூரையும். வாப்பாவும் மாமாமாரும் கையோடு சேர்ந்து எழுப்பிவிடுவார்கள். இன்றைக்கு அந்த ‘வீடு’ சீமெந்து வீடாகி, தட்டு வீடாகி, போதாததுக்கு மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் கைக்கூலியும் சேர்ந்திருக்கிறது. நிக்காஹ் மஜ்லிஸில் மாப்பிள்ளை கொடுக்க வேண்டிய மஹரைச் சில ஆயிரங்களில் எழுதி எல்லோரும் துஆக் கேட்கிறீர்கள். பெண் பக்கத்திலிருந்து போகிற பல இலட்சத்தை எந்தப் பதிவிலும் எழுதுவதில்லை. மூன்று பெண்பிள்ளை பெற்ற கரைவலைக்காரன் மூன்று கல்வீட்டை எந்தக் கடலில் வலை போட்டு இழுப்பான்?

எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் சுனாமியோடு அது போனது. பிள்ளைகள் தப்பினார்கள், அல்ஹம்துலில்லாஹ். அத்திவாரம் மட்டும் மணலுக்குள் கிடந்தது. பிறகு கிழக்கில் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டக்கூடாது என்று அரசாங்கம் ஒரு கோடு போட்டது. அந்தக் கோட்டைப் பிறகு தளர்த்தினார்கள். தளர்த்தும் வரைக்கும் கூடாரத்தில் வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு யாரும் வயதை நிறுத்திவைக்கவில்லை. தோணியும் இல்லை, வலையும் இல்லை. அந்த நேரத்தில்தான் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கிற சப்-ஏஜென்ட் ஊருக்குள் வந்தார். அவர் வந்து உட்கார்ந்தது பள்ளிக்கு முன்னால் இருக்கிற கடையில். ஒரு பெண்ணைப் பிடித்துக் கொடுத்தால் எவ்வளவு கமிஷன் என்பதும், அதை யார் யார் எடுத்தார்கள் என்பதும் இந்தச் சபையில் சிலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அது இருக்கட்டும்.

ஆண்கள் வெளிநாடு போவதென்றால் ஏஜென்சிக்குக் காசு கட்ட வேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஏஜென்சியே காசு கொடுத்து அனுப்பும். ஏழை வீட்டில் ஆண் இருக்கப் பெண் போனதற்குக் காரணம் பெண்ணின் துணிச்சலும் இல்லை, ஆணின் சோம்பலும் இல்லை. 1977க்குப் பிறகு நாட்டுப் பொருளாதாரம் திறந்தது, எண்ணெய் நாடுகளில் காசு பெருகியது, அங்குள்ள வீடுகளுக்கு வேலைக்காரி தேவைப்பட்டது. தொண்ணூறுகளில் இந்த நாட்டிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களில் ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம். சிங்களப் பெண்களும் போனார்கள், தமிழ்ப் பெண்களும் போனார்கள். 2022இல் டொலர் இல்லாமல் முழு நாடும் கேஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றபோது, வெளிநாட்டில் இருப்பவர்களே காசு அனுப்புங்கள் என்று அரசாங்கம் கெஞ்சியது. 2020இல் 7 பில்லியன் டொலரைத் தாண்டி வந்த அந்தக் காசு 2022இல் 4 பில்லியனுக்குக் கீழே இறங்கியதும் நாடு பட்ட பாட்டுக்கு ஒரு காரணம். ஆக, எங்களை அனுப்பி ஆளானது நம் ஊர் மட்டும் இல்லை. ஆனால் திரும்பி வந்தவளிடம் கணக்குக் கேட்கிற திறமை நம் ஊருக்குக் கொஞ்சம் கூட.

நீங்கள் வாய்விட்டுக் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்கிறேன். அங்கே என்ன வேலை செய்தேன்?

விடிய ஐந்து மணிக்கு எழும்பி மூன்று மாடியும் கூட்டித் துடைத்தேன். எட்டுப் பேரின் உடுப்புக் கழுவி, மினுக்கி, மடித்து வைத்தேன். மச்பூஸ் சமைக்கப் பழகினேன். ஆண்கள் கூடியிருக்கும் திவானியாவுக்குத் தேத்தண்ணியும் கஹ்வாவும் தட்டில் ஏற்றிக் கதவு வரைக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பினேன். அந்த வீட்டுக் கிழவிக்குப் படுக்கையில் வைத்தே மலசலம் எடுத்தேன், அவ மௌத்தாகும் வரைக்கும். நோன்பு மாதத்தில் நானும் நோன்போடுதான் நாற்பது பேருக்கு இஃப்தார் சமைத்தேன். இரவில் விருந்தாளிகள் போய்ச் சட்டி கழுவி முடிய ஸஹர் நேரம் வந்துவிடும். குவைத்தில் 2015இல் வீட்டு வேலைக்காரருக்கென்று 68ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு நாளைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, கிழமைக்கு ஒரு நாள் லீவு, வேலை விட்டுப் போகும்போது வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்றெல்லாம் அதில் இருந்ததாம். நல்ல சட்டம். நான் இருந்த வீட்டுக் குசினிக்குள் மட்டும் அது வரவில்லை. பாஸ்போட் கபீலின் அலுமாரியில். வெளிக்கதவுத் திறப்பு வீட்டு எசமானி மடத்தின் கைப்பையில்.

‘வெளிநாட்டில் சுதந்திரமாகத் திரிந்தவள்’ என்று சொல்கிறவர்களுக்காகத்தான் அந்தத் திறப்பைப் பற்றி எழுதினேன். இந்த ஊரில் நான் கிணற்றடிக்கும் கடற்கரைக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் போய்வந்த அளவுக்குக்கூட அங்கே வாசல் தாண்டவில்லை. பர்தாவைப் பற்றி இத்தனை பயான் கேட்டிருக்கிறேன், அந்த வீட்டில் இருந்ததுபோல அடைபட்ட வாழ்க்கையை எந்தப் பயானிலும் கேட்டதில்லை.

மடம் தானே கார் ஓட்டிக்கொண்டு அமைச்சு அலுவலகத்துக்குப் போவா. ஐவேளையும் தொழுதா. அந்த நாட்டுப் பெண்களுக்கு 2005இல் வாக்குரிமை கிடைத்தது, மந்திரியாகவும் வந்தார்கள். முதலில் எனக்கு ஆச்சரியம். முஸ்லிம் பெண் இப்படியும் இருக்கலாமோ என்று. பிறகுதான் விளங்கியது, அவ அப்படி வெளியே போய்வர வேண்டுமென்றால் ஒருத்தி உள்ளே இருந்தாக வேண்டும். அந்த ஒருத்தி நான். என் பிள்ளைகளுக்கு உள்ளே இருந்தது என் உம்மா. இதைப் பற்றிப் படித்தவர்கள் யாராவது இன்னும் ஆழமாக எழுதக்கூடும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அங்கே கிடைத்த ஒன்று, ஏச்சு வாங்கி வாங்கி எனக்கு அரபு வந்துவிட்டது. போன கிழமை பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைகள், எனக்கு அரபு தெரியும் என்பதற்காகப் பக்கத்தில் வந்து பரக்கத்துக்கு உட்கார்ந்ததுகள். எனக்குத் தெரிந்த அரபில் பாதியை அதுகளுக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது.

மூதூர்ப் பிள்ளை ரிஸானா நஃபீக்கை மறந்திருக்க மாட்டீர்கள். 2005இல், பதினேழு வயதில், பாஸ்போட்டில் வயதைக் கூட்டி எழுதி சவூதிக்கு அனுப்பப்பட்டவள். போய்ச் சில கிழமைக்குள் அவளிடம் விட்டுச் சென்ற கைக்குழந்தை இறந்தது. அதற்காக 2007இல் அவளுக்கு மரண தண்டனை தீர்த்தார்கள். 2013 ஜனவரி 9ஆம் திகதி நிறைவேற்றினார்கள். அன்றைக்கு நான் குவைத்தில். உம்மா ஃபோனில் அழுதா. பள்ளியில் துஆ ஓதினதாகவும், ஆண்களும் அழுததாகவும் சொன்னா. உண்மையான அழுகைதான், நான் சந்தேகப்படவில்லை. அதே நாளில் மடம் எனக்குச் சொல்லாமல் தன் கைக்குழந்தையைத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போனா. ரிஸானாவின் நடத்தையைப் பற்றி இந்த ஊரில் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்க மனம் வராது. அதே வேலைக்கு, அதே வறுமையில், அதே மாதிரி ஏஜென்ட் மூலம் போய் உயிரோடு திரும்பிய நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மையித்தாக வந்திருந்தால் எனக்கும் நல்ல பேர் கிடைத்திருக்கும் போல.

ரிஸானாவுக்குப் பிறகு அரசாங்கம் என்ன செய்தது? சவூதிக்கு வேலைக்குப் போகும் பெண்ணின் குறைந்தபட்ச வயதை 25 ஆக்கியது. குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று கொண்டுவந்து, கணவனின் சம்மதத்தையும் பிள்ளைகளின் வயதையும் பார்த்துப் பிரதேச செயலகத்தில் சரி சொன்னால்தான் போகலாம் என்றது. ஆண் போவதற்கு அப்படியொரு அறிக்கை இருக்கவில்லை. 2022இல் டொலர் முடிந்ததும் அந்த விதிகளெல்லாம் தளர்ந்தன.

மஹ்ரமான ஆண்துணை இல்லாமல் பயணம் போனது பாவம் என்று ஜும்மாவில் சொல்கிறீர்கள். நான் ஓதிப் படித்தவள் இல்லை, ஹதீஸில் உங்களோடு வாதாட வரமாட்டேன். அதே சவூதியின் ஹஜ் அமைச்சு 2022இல், ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் வரும் பெண்ணுக்கு மஹ்ரம் கட்டாயமில்லை என்று அறிவித்ததையும் சும்மா ஒரு செய்தியாகத்தான் சொல்கிறேன். ஆனால் ஸூரத்துல் கஸஸில் மத்யன் கிணற்றடியில் நிற்கும் இரண்டு பெண்களை நீங்களும் ஓதியிருக்கிறீர்கள். ஆண்கள் கூட்டமாக நின்று ஆடுமாடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிறார்கள். இந்த இரண்டு பேரும் தங்கள் ஆடுகளை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மூஸா அலைஹிஸ்ஸலாம் என்ன விஷயம் என்று கேட்கிறார். வாப்பா வயது போனவர் என்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் வேறு கேள்வி கேட்கவில்லை. தண்ணீர் இறைத்துக் கொடுத்துவிட்டு நிழலில் போய் ஒதுங்குகிறார். எனக்கு இந்த இடம் ஓதும்போதெல்லாம் ஒரு யோசனை வரும். அந்தக் கிணற்றடியில் நம் சபை நின்றிருந்தால் தண்ணீர் இறைத்திருக்குமா, அந்தப் பெண்களின் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்குமா?

உடுப்பைப் பற்றியும் ஒன்று. எங்கள் உம்மம்மாமார் சேலை முந்தானையை இழுத்து முக்காடு போட்டவர்கள். அபாயா இந்தக் கரையோரத்துக்கு எப்படி வந்தது? பாதி மார்க்க இயக்கங்களின் பயானால், பாதி எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சவூதிக்கும் குவைத்துக்கும் வேலைக்குப் போய் வந்த பெண்களின் பெட்டிகளால். நான் வந்த அன்றைக்கு வீடு நிறையச் சனம். சவர்க்காரம், பால்மா டின், அத்தர் எல்லாம் பங்கு போனது. முதலில் முடிந்தது அபாயா. அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு போன ராத்தா ஒருத்தி கடப்படியைத் தாண்டியதும், “அங்க எப்பிடி இருந்தாளோ, ஆருக்குத் தெரியும்கா” என்று சொன்னது என் சின்ன மகளின் காதில் விழுந்தது. ராத்தா, நீங்களும் இதை வாசிக்கிறீர்கள் என்று தெரியும். அபாயாவைத் திருப்பிக் கேட்கவில்லை. போடுங்கள், உங்களுக்கு அழகாகத்தான் இருக்கும்.

என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாவிட்டால் எனக்கு ஆறாது. நான் அனுப்பிய காசில் அவர் பீடியும் குடிக்கவில்லை, மறுகலியாணமும் முடிக்கவில்லை. கரைவலை முடிந்து வந்து சோறாக்கினார். மூன்று பிள்ளைகளுக்கும் தலைவாரிப் பின்னல் போட்டு மத்ரஸாவுக்கு அனுப்பினார். அதற்கு ஊர் அவருக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பெண்டாட்டி காசைக் குடித்து அழித்தவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்ட ஊர், பிள்ளைக்குப் பின்னல் போட்டவரைப் பார்த்துத்தான் சிரித்தது.

எல்லோருக்கும் அந்த நஸீபு இல்லை. எங்கள் பக்கத்து வளவுக்காரி கட்டாரில் இருந்தபோதே அவள் கணவர் இன்னொரு கலியாணம் முடித்தார், அவள் காசில் கட்டிய வீட்டில். அவளுக்குத் தெரிந்தது எட்டு மாதம் கழித்து. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் பெண்ணுக்கு அவ்வளவு சாதகமானதில்லை. கலியாணப் பதிவில் மணப்பெண்ணின் கையெழுத்துக்கே அதில் இடமில்லை, பெண்ணொருத்தி காதி நீதிபதியாகவும் வர முடியாது. திருத்தச் சொல்லி 2009இல் நீதியரசர் சலீம் மர்ஸூஃப் தலைமையில் குழு போட்டு, 2018இல்தான் அறிக்கை கைக்கு வந்தது. ஆனால் அந்தப் பழைய சட்டத்திலேயே ஒன்று இருக்கிறது. மனைவி இருக்க இன்னொருத்தியைக் கட்டப் போகிறவர் 30 நாளைக்கு முன்பு காதிக்கு அறிவிக்க வேண்டும், இருக்கிற மனைவியின் பகுதிக் காதிக்கும் அறிவிக்க வேண்டும், அந்த அறிவித்தலை ஜும்மாப் பள்ளிகளில் காட்சிக்கு வைக்க வேண்டும். பெரியவர்களே, அந்தச் சட்டம் வந்த நாளிலிருந்து நம் பள்ளிப் பலகையில் அப்படி எத்தனை அறிவித்தல் ஒட்டினீர்கள்? எங்களை விசாரிக்கச் சட்டம் எதுவும் கேட்கவில்லை, நீங்களாகச் செய்கிறீர்கள். அந்த அறிவித்தலை ஒட்டச் சட்டமே கேட்கிறது.

இனி நான் கேட்பது.

என் மகளுக்குப் பள்ளிக் கடிதம் தாருங்கள், அல்லது தரமுடியாத காரணத்தை எழுத்தில் தாருங்கள். வாய்ச்சொல் இனி வேண்டாம். இரண்டாம் கலியாண அறிவித்தல் வந்தால் பலகையில் ஒட்டுவதோடு நிற்காமல், மனைவி வெளிநாட்டில் இருந்தால் அவளுக்கு ஃபோனில் அறிவியுங்கள். நம்பர் கிடைக்காது என்று சொல்லாதீர்கள். மினாரா கட்ட வசூல் செய்தபோது எங்கள் எல்லோருடைய குவைத் நம்பரும் உங்களுக்குக் கிடைத்தது. தினார் கணக்கில் அனுப்பியவர்களின் பட்டியல் இன்னும் உங்கள் அலுவலகத்தில் இருக்கும்.

பிறகு அந்த வீடு. இதுதான் பெரியது, இதை நீங்கள் செய்ய மாட்டீர்கள் என்றும் தெரியும், இருந்தாலும் கேட்கிறேன். நிக்காஹ் பேச வரும் மாப்பிள்ளை வீட்டாரிடம், பெண் வீட்டாரிடமிருந்து என்ன கேட்டீர்கள், கைக்கூலி எவ்வளவு, வீடு என்ன பெறுமதி என்று சபை கேட்டு மஹருக்குப் பக்கத்திலேயே பதிவுப் புத்தகத்தில் எழுதட்டும். தடுக்க வேண்டாம், எழுதினால் போதும். அது எழுத்தில் கிடந்தால் அடுத்த தடவை ஒரு தாய் கட்டுநாயக்கவில் விமானம் ஏறும்போது யாருக்காக ஏறுகிறாள் என்று தேட வேண்டியிருக்காது. என் கடைசி இரண்டு மகள்மாருக்கும் வீடு இல்லை. நான் திரும்பப் போக மாட்டேன். வீடு கேட்காத மாப்பிள்ளை வந்தால் கட்டிக்கொடுப்பேன், வராவிட்டால் படிப்பிப்பேன்.

இதைப் பற்றிக் கதைக்கச் சபை கூடுமென்றால் எனக்கும் சொல்லியனுப்புங்கள். திரைக்குப் பின்னால் உட்காரச் சொன்னால் உட்காருகிறேன், குரல் கேட்டால் போதும். என்னோடு வெளிநாட்டிலிருந்து வந்த இன்னும் நாலைந்து பேர் வருவார்கள். அஸருக்குப் பிறகு வைத்தால் நல்லது. இஷாவுக்குப் பிறகு என்றால் எனக்கு வர வசதிப்படாது, சின்னவளுக்கு ஓ.எல். சோதனை நெருங்குகிறது, கணக்குப் பாடம் அவளோடு நான்தான் இருந்து பார்க்க வேண்டும்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாய்